பெயர் கேட்க வாய்க்காதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணாச்சிகளுக்கும் அக்காமார்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆனியும் ஆவணியும் எங்கள் வீட்டிலும் என் தோழிகளின் வீடுகளிலும் நல்லபடியாகக் கடந்தன. இரண்டு தோழிகளுக்குக் கல்யாணம் முடிந்தது. வீட்டில் எல்லாருமாக ஆச்சியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவியில் குளிக்க வைத்தோம். இதெல்லாம் நடந்ததற்குக் காரணமான பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. வேலை நடக்கும்போது கேட்க நேரமில்லை. வேலை முடிந்து தேடினால் ஆளைக் காணோம். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று ஒருவர் விடாமல் அச்சாகிறது. நான் சொல்லப்போகிறவர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது. அதனால் எல்லாரும் பார்க்கும் இடத்தில் இதை எழுதுகிறேன்.

முதல் கல்யாணம் பாளையங்கோட்டையில். அவளும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவளுடைய அப்பா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர்கள், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துத்தான் அவளை பி.காம். வரைக்கும் படிக்க வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் மண்டபம், சாப்பாடு, தாலிக்கு ஒரு பவுன் என்று அத்தனையும் அந்தத் தையல் மெஷினிலிருந்துதான் வர வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் தள்ளிப்போகும் என்பதால் ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் நாள் குறித்தாயிற்று.

இங்கே முதல் நன்றி இ-சேவை மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு. அத்தை வருமானச் சான்றிதழ் விஷயமாக அங்கே போனபோது, "எதுக்கும்மா இது?" என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்டீர்கள். மகளுக்குக் கல்யாணம் என்றதும், கணவரை இழந்த ஏழைத் தாய்மார்களின் மகள்களுக்கென்று ஈ.வெ.ரா. மணியம்மையார் பெயரில் ஒரு திருமண உதவித் திட்டம் இருப்பதை எடுத்துச் சொன்னீர்கள். பட்டப்படிப்பு முடித்த பெண்ணுக்கு 50,000 ரூபாய், மற்றவர்களுக்கு 25,000 ரூபாய், இருவருக்குமே தாலிக்கு 8 கிராம் தங்க நாணயம். கல்யாணத்துக்கு 40 நாள் முன்னாலேயே விண்ணப்பம் போட வேண்டும் என்றதைத்தான் அழுத்திச் சொன்னீர்கள். அந்தக் கணக்குத் தெரியாமல் எத்தனை பேர் விட்டுவிடுகிறார்களோ. எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி அத்தை கையில் கொடுத்தீர்கள். அந்தக் காகிதம் இன்னும் அவர்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

சரி, விண்ணப்பம் போட்டாயிற்று. ஆனால் அது கைக்கு வரும் நாளை நம்பி மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க முடியாதே. அப்போதுதான் தெருச் சீட்டு குலுக்கினார்கள். மகனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டக் காத்திருந்த அக்கா ஒருவர் பெயர் வந்தது. அவர் பணத்தை வாங்கி எண்ணிக்கூடப் பார்க்காமல் அத்தையிடம் நீட்டி, "உங்க சீட்டு விழுதப்போ நான் எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார். மகன் ஃபீஸுக்கு அவர் கம்மலை அடகு வைத்தார் என்பது எங்களுக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது. அக்கா, உங்களுக்கு எழுத எனக்கு வார்த்தை போதவில்லை. கம்மலை மீட்டுவிட்டோம் என்பதை மட்டும் எல்லாருக்கும் சேர்த்து இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு சோதனை வந்தது. பந்தி பரிமாற ஏற்பாடு செய்திருந்த ஆட்கள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே சோறு வடித்தாயிற்று, சாம்பார் கொதிக்கிறது. அத்தைக்குக் கை நடுங்கியது. மண்டபத்து வாட்ச்மேன் தாத்தா ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார். பின்தெருவில் வாடகை வீட்டில் தங்கிப் படிக்கும் பையன்களைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். தம்பிகளா, நீங்கள் மறுநாள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தீர்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். வாளியையும் கரண்டியையும் வாங்கிக்கொண்டு நீங்கள் ஓடிய ஓட்டம் எங்கள் கண்ணிலேயே நிற்கிறது.

ஆனால் நம்மில் யாருக்கும் முறையாகப் பரிமாறத் தெரியாது. இலையின் நுனி உட்காருகிறவருக்கு இடப்பக்கம் வர வேண்டும் என்பதிலிருந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். நம் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டாரை எப்படி உட்கார வைத்துக் கவனிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் வர ஒரு நிமிஷம் பிந்தினாலும் பேச்சாகிவிடும். இவரோ சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "முதல்ல உப்பு, அப்புறம் இனிப்பு. கூட்டு, பொரியல் எல்லாம் இலைக்கு மேல் பாதியில. சோத்தைக் கீழ்ப் பாதியில போடுங்க" என்று ஒரு வரிசைக்குத் தானே பரிமாறிக் காட்டினார். அவர்கள் ஆட்கள் யாரோ "நீங்க உக்காருங்கய்யா" என்று கூப்பிட்டதற்கு, "இனிமே ரெண்டு வீடும் ஒண்ணுதானே" என்றார். ஐயா, அத்தை அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார்கள் என்றால் அது உங்களால்தான். கடைசிப் பந்தியில் வாட்ச்மேன் தாத்தாவோடும் பையன்களோடும் நீங்களும் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பத்தில் அது இருக்கிறது.

கல்யாணச் சமையல் செய்த தவசுப்பிள்ளை அண்ணாச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு போடாமல் திருநெல்வேலியில் அந்த வீட்டுக் கல்யாணம் முடிந்ததாக அர்த்தமில்லை. கையில் இருந்த பணம் முகூர்த்தச் சாப்பாட்டோடு தீர்ந்துவிட்டதால் சொதியை விட்டுவிடலாம் என்றுதான் அத்தை நினைத்தார்கள். "சாமானை மட்டும் வாங்கிப் போடுங்கம்மா, சமையல் கூலியை நான் கேக்கல" என்று நீங்கள் தங்கிவிட்டீர்கள். விடியும் முன்பே தெருப் பெண்கள் திருகுவலையோடு வந்து உட்கார்ந்து தேங்காய் துருவினார்கள். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்கறியை வேகவைத்து, பாசிப்பருப்பைச் சேர்த்து, கடைசியில் முதல் பாலை விட்டுக் கொதிக்கும் முன் இறக்கி, சூடு அடங்கினபிறகு எலுமிச்சம்பழம் பிழிந்தீர்கள். திரிந்துவிடும் என்று எங்களை அடுப்புப் பக்கமே விடவில்லை. தேங்காய்ப்பால் வயிற்றை மந்தமாக்கும் என்று கூடவே இஞ்சித் துவையல். அதை அரைத்த மதினிக்கு ரெண்டு நாள் கை எரிந்திருக்கும். அந்தச் சொதியைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் இன்றும் பேசுகிறார்களாம்.

இனி ஆச்சி விஷயம்.

முழங்கால் வலி வந்ததிலிருந்து ஆச்சி குற்றாலம் போனதில்லை. தாத்தா இருந்தவரை சீசன் தவறாமல் போனவர்கள். ஒவ்வொரு வருஷமும் ஆனிச் சாரல் அடிக்கும்போது, "குத்தாலத்துல தண்ணி விழுதாம்லா" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். அம்மாவுக்குக் கூட்டிப்போகப் பயம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவனை அடித்துப்போன செய்தியைப் பார்த்ததிலிருந்து அந்தப் பயம் கூடிவிட்டது. நான் சென்னையிலிருந்து லீவில் வந்திருந்ததால் இந்த முறை போயே தீருவது என்று முடிவுசெய்தோம்.

செங்கோட்டை பாசஞ்சரில் நல்ல கூட்டம். சேரன்மகாதேவி வரைக்கும் ஆச்சியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். பிறகு கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தார். அம்பாசமுத்திரம் தாண்டி மலை தெரிய ஆரம்பித்ததும், அவருடைய கணவரும் எழுந்து ஆச்சியை ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்தார். அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தென்காசி வரை ஆச்சி மலையைக் காட்டிக்கொண்டே வந்தார்கள்.

தென்காசி ஸ்டேஷனில் ஆட்டோ அண்ணாச்சியிடம் ஐந்தருவி என்றுதான் சொன்னோம். ஆச்சி நடக்கிற நடையைப் பார்த்துவிட்டு, "மெயின் அருவிக்கே போவோம், பாட்டிக்கு அதான் தோது" என்றீர்கள். தண்ணீர் மேலேயிருந்து நேராகத் தலையில் விழாமல் நடுவில் பொங்குமாங்கடல் என்கிற ஆழமான பாறைப் பள்ளத்தில் விழுந்து, அங்கே வேகம் குறைந்து வழிகிறது என்று நீங்கள் விளக்கியபிறகுதான் அம்மாவின் முகம் தெளிந்தது. நாங்கள் திரும்பி வரும்வரை காத்திருந்ததற்குக் காசு வாங்க மறுத்தீர்கள்.

பெண்கள் பக்கத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்த போலீஸ் அக்கா, நீங்கள் ஆச்சியைப் பார்த்ததும் வரிசையைக் கொஞ்சம் நிறுத்தினீர்கள். "தண்ணி கலங்குச்சுன்னா உடனே விசில் அடிப்பேன், எல்லாரும் வெளிய வந்துரணும். அதுவரைக்கும் பயப்படாம குளிங்க" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். நாள் முழுக்க ஈரத்தில் நின்று, ஊரெல்லாம் உங்களைத் திட்டத் திட்ட ஆட்களை வெளியே இழுத்துக்கொண்டிருக்கிற வேலை உங்களுடையது. நாங்கள் வீடு போய்ச் சேர்ந்ததில் அந்த விசிலுக்குப் பங்கு உண்டு.

விருதுநகர்ப் பக்கமிருந்து வேன் பிடித்து வந்திருந்த அக்காமார்களே, உங்களை மறக்கவே முடியாது. பாறை வழுக்கும் என்று நாங்கள் தயங்கி நின்றபோது நீங்கள் எல்லாரும் கை கோத்து ஆச்சியைச் சுற்றி வட்டம் கட்டிவிட்டீர்கள். "பாட்டிய நாங்க பிடிச்சுக்கிறோம், நீ குளி தாயி" என்று என்னையும் உள்ளே இழுத்தீர்கள். உங்களில் ஒருவர் ஆச்சியின் தலைக்குச் சீயக்காய் தேய்த்துவிட்டார். போதும் என்று அம்மா கூப்பிட்டபோது, "இன்னும் செத்த நேரம் நிக்கேன்" என்று ஆச்சி சொன்ன குரலில் சின்னப் பிள்ளையின் பிடிவாதம் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு குரலை ஆச்சியிடம் கேட்டதில்லை.

அப்புறம் பிரானூர் போய்ப் பார்டர் பரோட்டா சாப்பிட்டோம், மங்குஸ்தான் வாங்கினோம். ஆச்சியால் ஓட்டை உடைக்க முடியாது என்று பழக்கடை அண்ணாச்சி ஒவ்வொன்றாக உடைத்து இலையில் வைத்துக் கொடுத்தார்.

ஆவணிக் கல்யாணம் நாகர்கோவில் பக்கம். ஓணம் நெருங்கிய நேரம். தோவாளைச் சந்தைப் பூவெல்லாம் கேரளாவுக்குப் போகிற சமயத்தில் பிச்சியும் மல்லியும் என்ன விலை விற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருட்டோடு சந்தைக்குப் போய் விலை கேட்டு நாங்கள் முழித்தோம். பூக்கடை அம்மா ஒருவர், "பிச்சியைத் தலைக்கு மட்டும் வாங்குங்க. மணவறைக்குக் கேந்தியும் வாடாமல்லியும் போதும், பார்க்கவும் நிறமா இருக்கும்" என்று சொல்லி, எங்களுக்கு வேண்டிய அளவையும் அவரே கணக்குப் போட்டார். அவருக்கு அதில் லாபம் குறைவுதான்.

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மாணிக்க மாலை வேண்டும் என்பது என் தோழியின் ஆசை. அரளிப் பூவை மடித்து, நொச்சி இலையோடு சேர்த்துப் பாய் முடைவதுபோல் தட்டையாகக் கட்டுகிற அந்த மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வேலை தெரிந்த குடும்பங்கள் அதிகமில்லை. பண்டிகை ஆர்டர் குவிந்து கிடந்தும், கல்யாணப் பெண் ஆசைப்பட்டாள் என்ற ஒரே காரணத்துக்காக உறங்காமல் உட்கார்ந்து கட்டிக் கொடுத்தீர்கள் ஐயா. உங்கள் மருமகள் பூ மடிக்க, பேரன் இலை எடுத்துக் கொடுக்க நடந்த அந்த வேலையை நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். மாலை மாற்றும்போது கூட்டத்தில் பாதிப் பேர் மாலையைத்தான் பார்த்தார்கள்.

சென்னை ஹாஸ்டலில் இருக்கும் என் அறைத் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. ரயில் முன்பதிவை 60 நாளாகக் குறைத்தபிறகு, முகூர்த்த நாளுக்கு டிக்கெட் பிடிக்கக் காலை 8 மணிக்கு மூன்று போனில் மூன்று பேர் உட்கார வேண்டியிருக்கிறது. உட்கார்ந்தீர்கள். நான் இல்லாத நாளில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்த ஆபீஸ் அக்காவுக்கும், இரண்டு கல்யாணத்துக்கும் தன் பட்டுப்புடவையைக் கொடுத்த பக்கத்து அறை அக்காவுக்கும் ஊரிலிருந்து அல்வா வந்து சேர்ந்திருக்கும்.

வருகிற தை மாதம் எங்கள் அண்ணனுக்குக் கல்யாணம், பாளையங்கோட்டையிலேயே. இதைப் படித்துவிட்டு 'இது நான்தானே' என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், பத்திரிகை வரவில்லை என்று நினைக்காமல் வாருங்கள். முதல் பந்தியில் உட்காருங்கள். ஆச்சி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் வாளியோடு உள்ளே இருப்போம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
ஆச்சியின் பேத்தி,
பாளையங்கோட்டை