குருசடைத் தீவு எந்த இடத்தில் இருக்கிறது? மன்னார் வளைகுடாவின் பவளத் தரவுகளை வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளை ஆண்டுதோறும் அளந்து, அந்த அளவுகளைக் கையில் வைத்திருக்கும் அரசுத் துறைகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

2024 கோடையில் கடல் சூடேறிப் பவளங்கள் நிறமிழந்து வெளிறியபோது எடுத்த கணக்கெடுப்பு விவரத்தை முறைப்படி எழுதிக் கேட்டோம். பல மாதம் கழித்து ஸ்கேன் செய்த ஒரு பிடிஎஃப் வந்தது. தீவுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு சதவீதம். அட்டவணையின் வலது ஓரம் ஸ்கேனரில் வெட்டுப்பட்டுக் கடைசிப் பத்தியில் பாதி எண்கள் இல்லை. அனுப்பியவர் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது, அவர் கையில் இருந்ததை அனுப்பியிருக்கிறார். நாங்கள் கேட்டது வேறு. கடலடியில் விரித்து அளக்கும் ஒவ்வொரு டேப்பின் மூல அளவுகளையும், கணினியில் திறந்து கணக்குப் போடக்கூடிய கோப்பாக, பொதுவில் வையுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

அளக்கும் முறை உங்களுக்குத் தெரியாததல்ல. கடலடியில் 20 மீட்டர் டேப்பை விரித்து, அதன் அடியில் உயிர்ப்பவளம் எங்கே முடிகிறது, செத்த பவளம் எங்கே தொடங்குகிறது, எது மணல், எது பாசி என்று சென்டிமீட்டர் கணக்கில் முங்குபவர் பலகையில் பென்சிலால் எழுதி எடுத்து வருகிறார். அத்தனை பாடுபட்டு எடுத்த வரிகள் கரைக்கு வந்ததும் ஒரே சராசரியாகச் சுருங்கிவிடுகின்றன. ஒரு தீவில் நான்கு டேப்பில் உயிர்ப்பவளம் 60, 50, 10, 0 சதவீதம் என்று வந்தாலும் சராசரி 30தான், நான்கிலும் 30 வந்தாலும் 30தான். முதல் தீவில் ஒரு பக்கம் செழித்து ஒரு பக்கம் செத்துக் கிடக்கிறது. எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் ஆழத்தில் என்பதுதான் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு வேண்டிய செய்தி. சராசரி அதை விழுங்கிவிடுகிறது.

செயற்கைக்கோள் தரவு இருக்கிறதே என்று சொல்வீர்கள். இருக்கிறது, நாங்களும் தினமும் பார்க்கிறோம். அமெரிக்காவின் பவளக் கண்காணிப்புத் திட்டமான கோரல் ரீஃப் வாட்ச் 1985 முதலான கடல் மேற்பரப்பு வெப்பநிலையை 5 கிலோமீட்டர் கட்டங்களாக யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸும் வெளிறல் எச்சரிக்கை தருகிறது. ஓரிடத்தின் வழக்கமான உச்ச மாதச் சராசரியை விட 1 டிகிரியாவது கூடுதலாக ஏறிய சூட்டை 12 வாரத்துக்குக் கூட்டினால் வருவது வெப்ப வாரக் கணக்கு. 4 தொட்டால் வெளிறல், 8 தொட்டால் பரவலான வெளிறலும் சாவும் என்பது உலகம் முழுவதற்குமான பொது அளவுகோல். அது நம் கரையோர ஆழமில்லாத தண்ணீருக்கு அப்படியே பொருந்துமா? ஒரு கட்டம் 25 சதுர கிலோமீட்டர், நம் 21 தீவுகளில் பெரியதான முயல் தீவே அதில் ஒரு மூலைக்குத்தான் வரும். எந்தத் தேதியில், எந்த ஆழத்தில், எந்தப் பவளம் எத்தனை சதவீதம் வெளிறியது என்று தெரிந்தால்தான் நமக்கான எல்லை 4ஆ, 3ஆ, 6ஆ என்று சொல்ல முடியும். அந்த விவரம் உங்கள் அலமாரியில் இருக்கிறது.

கிடைக்கிற கோப்புகளை ஒன்று சேர்க்கப் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். குருசடை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்படுகிறது, கணினிக்கு அது மூன்று தீவு. முயல் தீவு என்றால் மண்டபத்துப் பக்கம் உள்ளதா, தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் உள்ளதா? அட்சரேகை 9 டிகிரி 15 நிமிடம் என்பதை ஒருவர் 9.15 என்று தட்டிவிட்டால், குருசடைப் பக்கத்து இடம் 11 கிலோமீட்டர் தெற்கே கடலுக்குள் போய்விடுகிறது. சரியான எண் 9.25. 04/05/2016 என்பது ஏப்ரல் 5ஆ, மே 4ஆ? ஏப்ரலில் தொடங்கி மேயில் உச்சம் தொடும் வெளிறலுக்கு அந்த ஒரு மாதம்தான் எல்லாமே. அட்டவணையில் வெற்றுக் கட்டம் என்றால் ஒன்றும் இல்லை என்றா, பார்க்கவில்லை என்றா? ஒரே பவளத்துக்குப் பழைய தாள்களில் ஃபாவியா என்று பெயர், புதியவற்றில் டிப்சாஸ்ட்ரேயா. நம் பக்கத்து ஃபாவியாக்களுக்குப் பெயர் மாறியது தெரியாதவர் இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஓர் இனம் அழிந்து இன்னோர் இனம் புதிதாக வந்ததாகவே முடிவு கட்டுவார்.

இவை எதற்கும் பெரிய செலவு இல்லை. ஒரு டேப்புக்கு ஓர் அடையாள எண், தசம டிகிரியில் இடம், மீட்டரில் ஆழம், ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் தேதி, அளந்த முறை, அளந்தவருக்கு ஒரு குறியீடு. பார்த்து இல்லையென்றால் 0, பார்க்காவிட்டால் அதைச் சொல்லும் தனிக் குறி. உயிரினப் பெயரோடு உலகக் கடல் உயிரினப் பதிவேட்டின் எண். இத்தனையும் எந்தக் கணினியிலும் திறக்கும் எளிய அட்டவணையான ஒரு சிஎஸ்வி கோப்பில் அடங்கும். கடல் உயிரினத் தரவுகளைச் சேர்த்து வைக்கும் ஓபிஸ் போன்ற பொதுக் களஞ்சியத்தில் நிலையான முகவரியோடு ஏற்றிவிட்டால், அலுவலக இணையதளத்தை மாற்றும்போது காணாமலும் போகாது. கடலடிப் படங்களையும் கூடவே வைத்தால் பிறகு சந்தேகம் வரும்போது திரும்ப எண்ணிப் பார்க்கலாம்.

இடத்தைச் சொன்னால் திருடர்களுக்கு வழிகாட்டியது போல ஆகுமே என்ற அச்சம் கடல் அட்டை விஷயத்தில் நியாயம்தான். அதற்கு மட்டும் இரண்டு தசமத்தோடு நிறுத்துங்கள், ஒரு கிலோமீட்டருக்குள் இடம் மங்கிவிடும். பவளத்துக்கு அந்தக் காரணம் செல்லாது. எந்தப் பார், அதாவது பவளத்திட்டு, எங்கே என்று பாம்பனிலும் கீழக்கரையிலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். 1986இல் தேசியப் பூங்கா அறிவித்ததிலிருந்து தீவுப் பக்கம் வராதே, பாசி எடுக்காதே என்ற உத்தரவைக் கேட்டு வருபவர்கள் அவர்கள். அந்தக் கட்டுப்பாட்டால் பார் தேறியதா, எந்தத் தீவில் எவ்வளவு தேறியது என்று அவர்கள் முன் எண்களை விரித்து வைக்க வேண்டாமா? தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவுப் பக்கம் போட்ட செயற்கைப் பாறைகளுக்கும், நட்டு வைத்த பவளத் துண்டுகளுக்கும் மக்கள் பணம்தானே செலவாகிறது? திறப்பு விழாப் படங்கள் கிடைக்கின்றன. நட்டதில் ஓராண்டு கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற கோப்பு கிடைப்பதில்லை. வாங்கியவனிடம் கணக்குக் கேட்பது குற்றமா?

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டோம். தண்ணீருக்குள் இறங்கி அளப்பவர்களின் உழைப்பின் மேல் மரியாதை இருப்பதால்தான் அது அலமாரியில் கிடப்பது வலிக்கிறது. 21 தீவுகளையும் ஒரே நாளில் கேட்கவில்லை. பவளங்கள் வெளிறிய 2016, 2024 ஆண்டுகளில் ஒரு தீவில் எடுத்த டேப் அளவுகளை முதலில் வெளியிடுங்கள். பெயர்களைச் சரிபார்க்கவும், பென்சில் தாள்களைத் தட்டெழுதவும், ஆயக்கூறுகளை வரைபடத்தில் வைத்துப் பார்க்கவும் கூலியில்லாமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம். அடுத்த கோடைக்கு முன் மூல அளவுகளைப் பொதுவில் வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மன்னார் வளைகுடாவின் பவளத் தரவுகளைத் தொகுத்து வரும் குழுவினர்