பூட்டிய மூன்றாம் பாகம்: நூலகப் புத்தகத் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புத்தகத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். ‘ஹங்கர் கேம்ஸ்’ தொடரின் மூன்றாம் பாகம் யாருடைய புகாரின் பேரில், எந்தக் கூட்டத்தில், இளையோர் பகுதியிலிருந்து கண்ணாடி அலமாரிக்குப் போனது என்பது உங்களுக்கே தெரியும். அதை மறுபடி விவரித்து உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. அந்தப் பாகத்துக்கு நான் எழுதிய ஒரு பக்க விமர்சனம் அறிவிப்புப் பலகையிலிருந்து கழற்றப்பட்டதும் தெரிந்திருக்கும். என் தாள் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது.) நான் கேட்பது ஒன்றுதான்: மூன்றாம் பாகத்தை முதல் இரண்டு பாகங்களுக்குப் பக்கத்தில், பழைய இடத்திலேயே திரும்ப வையுங்கள்.

சனிக்கிழமை வாசக வட்டத்துக்கு வரும் பிள்ளைகளில் ஒருத்திக்கு 14 வயது. பெயரை எழுதமாட்டேன், உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. முதல் பாகத்தை நான்கு நாளில் முடித்தாள். (படிக்காதவர்களுக்கு: கொடுங்கோல் அதிபர் ஆளும் ஒரு நாட்டில், ஆண்டுதோறும் மாவட்டங்களில் குலுக்கல் போட்டு எடுத்த பிள்ளைகளை ஒரு களத்தில் மோதிச் சாகவிட்டு, அதை டிவியில் காட்டும் போட்டிதான் கதை.) இரண்டாம் பாகத்தை எடுத்துப் போன மறுநாளே கண் சிவந்து வந்து நின்றாள். அந்த இரண்டாம் பாகம் எங்கே முடிகிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நாயகி காட்னிஸ் அடிபட்டு, மருந்து மயக்கத்திலிருந்து கண் விழிக்கிறாள். எதிரே நண்பன் கேல். உன் அம்மாவும் தங்கையும் தப்பித்துவிட்டார்கள் என்கிறான். ஆனால் அவள் பிறந்து வளர்ந்த பன்னிரண்டாம் மாவட்டம் என்று ஒன்று இப்போது இல்லை என்கிறான். அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிடும். அடுத்த பாகத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் யாரும் அந்தக் கடைசிப் பக்கத்துக்குப் போகக் கூடாது என்று நான் பிள்ளைகளிடம் சொல்வது வழக்கம்.

அவள் நேரே கவுன்டருக்குப் போனாள். மூன்றாம் பாகம் கேட்டாள். கவுன்டரில் இருந்தவர் ஒரு படிவத்தை நீட்டினார். படிவத்தின் கீழே இரண்டு கோடுகள். ஒன்றின் மேல் ‘தந்தை’, இன்னொன்றின் மேல் ‘தாய்’. அவள் பாட்டியோடு இருக்கிறவள். பாட்டி கையெழுத்துப் போடலாமா என்று கேட்டாள். செல்லாது என்றார். அவர்மேல் தப்பில்லை, உங்கள் சுற்றறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. இதே நூலகத்தில் இதே பிள்ளைக்கு உறுப்பினர் அட்டை கொடுத்தபோது அந்தப் பாட்டியின் கையெழுத்து செல்லுபடியானது என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

அவள் படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். சண்டை போடவில்லை. அடுத்த சனிக்கிழமை வட்டம் தொடங்கும் முன்னால் பார்த்தேன்: கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று, பூட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்த புத்தக முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், “அக்கா, அந்த ஊர்ல வேற யாராவது உயிரோட இருக்காங்களா? அதை மட்டும் சொல்லுங்க” என்றாள். சிலர் இருக்கிறார்கள் என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை. இப்படி மூன்று சனிக்கிழமைகள் ஆயிற்று.

இந்தப் பெண்ணுக்கு இந்தத் தொடரில் என்ன பிடித்தது என்று சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். வில் இல்லை, அம்பு இல்லை. காட்னிஸின் அப்பா சுரங்க விபத்தில் சாகும்போது அவளுக்கு 11 வயது. அம்மா அந்த அதிர்ச்சியில் உறைந்துபோய் உட்கார்ந்துவிட, வேலிக்கு அந்தப் பக்கம் காட்டுக்குப் போய் வேட்டையாடி வீட்டுக்குச் சோறு போடுகிறவள் இவள்தான். பிறகு போட்டிக்குக் கிளம்பும்போது, விடைபெற வந்த அம்மாவிடம், மறுபடி அப்படி உட்கார்ந்துவிடாதே என்று கோபமாகச் சொல்கிறாள். கண்ணீரோடு கட்டிப்பிடிக்க வேண்டிய நேரத்தில் கறாராகப் பேசுகிறாள். வாசக வட்டத்தில் எல்லாரும் சண்டைக் காட்சிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவள் மட்டும் அந்த இடத்தைச் சொன்னாள். உங்கள் கூட்டக் குறிப்பில் ‘முரட்டுத்தனமான நாயகி, பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற முன்மாதிரி அல்ல’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு இவள் ஞாபகம்தான் வந்தது.

இனி நூலுக்கு வருகிறேன். இது திறந்த மடல் என்பதால் ஒரு எச்சரிக்கை: மூன்றாம் பாகத்தை இன்னும் படிக்காத பிள்ளைகள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போய்விடவும்.

குழுவில் சுற்றுக்கு விடப்பட்டது ஒரே ஒரு பக்கத்தின் ஜெராக்ஸ் என்று கேள்விப்பட்டேன். அதிபரின் மாளிகை வாசலில் அடைத்து நிறுத்தப்பட்ட குழந்தைகள்மேல் வானத்திலிருந்து சின்னச் சின்ன வெள்ளிப் பாராசூட்டுகள் இறங்குகின்றன. குழந்தைகள் ஆசையாகக் கை நீட்டிப் பிடிக்கிறார்கள். அவை வெடிக்கின்றன. உண்மைதான், படிக்க முடியாத பக்கம். முதல் தடவை நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். ஆனால் அந்தக் குழந்தைகள் ஏன் கை நீட்டினார்கள் என்று அந்த ஜெராக்ஸ் உங்களுக்குச் சொல்லியிருக்காது. முதல் பாகத்தில் அதே வெள்ளிப் பாராசூட்டில்தான் தீக்காயத்துக்கு மருந்து வரும். ரூ என்கிற 12 வயதுப் பெண் செத்த பிறகு, அவள் மாவட்டத்து ஏழை ஜனங்கள் காட்னிஸுக்கு அனுப்பும் ரொட்டி வரும். பரிசுப் பொருள் வரும் வழி அது. அதைப் பார்த்தே வளர்ந்த குழந்தைகள் கை நீட்டாமல் என்ன செய்வார்கள்? இது தெரியாமல் அந்தப் பக்கத்தை மட்டும் படித்தால் வெறும் ரத்தம்தான் தெரியும்.

அப்புறம் வருவது இன்னும் மோசம். காயம்பட்ட குழந்தைகளைத் தூக்க மருத்துவக் குழு ஓடி வருகிறது. மிச்சமிருந்த பாராசூட்டுகள் அப்போது வெடிக்கின்றன. அந்தக் குழுவில் காட்னிஸின் தங்கை பிரிம் இருக்கிறாள். எந்தத் தங்கைக்குப் பதிலாக அவள் முதல் பாகத்தின் தொடக்கத்தில் போட்டிக்குத் தானாக முன்வந்தாளோ அதே பிரிம். உதவிக்கு ஓடி வருகிறவர்களைக் குறிவைக்கும் அந்த யோசனை எதிரியின் யோசனைகூட இல்லை. கேலும் அவன் கூட்டாளியும் பேசித் திட்டம் போட்ட பொறி. குண்டைப் போட்டதும் அதிபரை எதிர்த்துப் போராடும் நம் புரட்சிப் பக்கமாகவே இருக்கலாம் என்ற சந்தேகம் காட்னிஸை அரித்துத் தின்கிறது. கடைசியில் கொடுங்கோலனைக் கொல்ல அவள் கையில் வில்லைக் கொடுத்து நிறுத்தும்போது, அவள் குறியைத் திருப்பித் தன் புரட்சிப் படைத் தலைவியையே எய்துவிடுகிறாள்.

போரில் நல்ல பக்கம் என்று ஒன்று சும்மா கிடைத்துவிடாது என்பதைப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு நேராகச் சொல்லும் புத்தகம் நான் அதிகம் படித்ததில்லை. ஒரு சேனலில் போட்டி நிகழ்ச்சி, அடுத்த சேனலில் ஈராக் போர்க் காட்சி என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதை தோன்றியதாக ஆசிரியர் சூசன் காலின்ஸ் சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா வியட்நாம் போருக்குப் போனவர். 2008, 2009, 2010 என்று வருடத்துக்கு ஒன்றாக வந்த மூன்று பாகங்களில், 24 பிள்ளைகளை ஒரு களத்தில் இறக்கி ஒருத்தரை ஒருத்தர் கொல்லவிடும் பாகம் உங்கள் திறந்த அலமாரியில் இருக்கிறது. அந்தக் கொலைகளின் கணக்கு தீர்க்கப்படும் பாகத்துக்கு, தூக்கம் வராமல் அலறி எழும் பெண்ணைக் காட்டும் பாகத்துக்குத்தான் பூட்டு. வன்முறைக்காகப் பூட்டினோம் என்று சொல்வதாக இருந்தால், தப்பான பாகத்தைப் பூட்டியிருக்கிறீர்கள்.

நான் ஒன்றும் இந்தத் தொடரின் ரசிகர் மன்றம் நடத்தவில்லை. கழற்றப்பட்ட என் விமர்சனத்தில் குறைகளையும் எழுதியிருந்தேன். மூன்றாம் பாகத்தின் நடுப்பகுதி இழுவை. காட்னிஸின் மனம் கேலுக்கா, அவளோடு களத்தில் இறங்கிய பீட்டாவுக்கா என்கிற காதல் இழுபறியை மூன்று பாகம் தாங்காது. முக்கியமான கட்டங்களில் காட்னிஸ் மயங்கிக் கிடக்கிறாள், இல்லாவிட்டால் அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறாள். அவளுடைய வழக்கு விசாரணைகூட நம் கண்ணுக்குப் படாமல் நடந்து முடிந்துவிடுகிறது. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படிக்கலாம் என்றும் கடைசி வரியில் எழுதியிருந்தேன். கழற்றியவர் கடைசி வரி வரைக்கும் வந்தாரா என்று தெரியவில்லை.

இந்த விஷயத்தில் நீங்கள் முதல் ஆட்களும் இல்லை. அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும், அதிகம் ஆட்சேபிக்கப்பட்ட பத்து நூல்களின் பட்டியலில் இந்தத் தொடர் 2010, 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் இடம்பெற்றது. 2011இல் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, குடும்பத்துக்கு எதிரானது என்பது. தங்கைக்குப் பதிலாகச் சாகப் போகிறேன் என்று மேடையேறும் பெண்ணின் கதை குடும்பத்துக்கு எதிரானதாம்! கதையில் ஒரு கணக்கு வருகிறது. சாப்பாட்டுத் தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால் குலுக்கலில் பெயரைக் கூடுதலாக எழுதிப் போட வேண்டும். தலைக்கு ஒரு சீட்டு. அம்மா, தங்கை, தான் என்று மூன்று பேருக்கும் சேர்த்து எழுதிப் போட்டதில் 16 வயதில் காட்னிஸின் சீட்டு 20. தங்கையை எழுத விடாததால் அவளுக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுதான் குலுக்கலில் வருகிறது. அதே ஆண்டின் இன்னொரு காரணம் மாந்திரீகம், சாத்தான் சார்ந்தது என்பது. மூன்று பாகத்திலும் சாமி கும்பிடும் காட்சியே எனக்குத் தட்டுப்படவில்லை, சாத்தானுக்கு எங்கே போவது?

பழைய அலமாரியில், இந்த மூன்றாம் பாகம் இருந்த இடைவெளிக்கு நேர் கீழே, 14 வயதிலேயே அரசாங்கத்துக்கு உளவு பார்க்கும் ஒரு பையனின் தொடர் வரிசையாக நிற்கிறது. அவன் மேலே தாவி, கீழே குதித்து, விமானத்திலிருந்தும் விழுந்து தப்பிக்கிறவன். அதற்குப் படிவம் கிடையாது, கோடு கிடையாது, தந்தை தாய் யாரும் வேண்டாம். பையன் அடித்தால் சாகசம், பெண் அடித்தால் முன்மாதிரி சரியில்லை. அப்படியென்றால் ஒரு வேலை செய்யுங்கள்: கால் சிலம்பைக் கையில் ஏந்தி அரசவைக்குள் நுழைந்து, அரசனை நேருக்கு நேர் கேள்வி கேட்டு, அவன் செத்த பிறகும் கோபம் ஆறாமல் ஒரு தலைநகரத்தையே எரித்தவள் இரண்டாவது வரிசையில், கைக்கெட்டும் உயரத்தில், சிறுவர் பதிப்பாகவே இருக்கிறாள். அவளையும் கண்ணாடிக்குள் வையுங்கள். சக்கர வியூகத்துக்குள் அனுப்பப்பட்ட அபிமன்யுவுக்கு என்ன வயது என்றும் பார்த்துவிடுங்கள். அலமாரி போதாது, அறை வேண்டியிருக்கும்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். நீங்கள் பிள்ளைகளின் நலனுக்காகத்தான் யோசிக்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சம்பளம் இல்லாமல் மாதாமாதம் உட்கார்ந்து பட்டியல் பார்க்கிறவர்கள் நீங்கள். வருகிற எல்லாப் புத்தகத்தையும் முழுதாகப் படிக்க முடியாது என்பதும் புரிகிறது. ஆனால் பூட்டுவதற்கு முன்னால் அந்த ஒரு புத்தகத்தையாவது முழுதாகப் படித்திருக்கலாம். யாருக்காவது நேரம் இல்லையென்றால், கடைசி அத்தியாயத்துக்குப் பின்னால் வரும் இரண்டு மூன்று பக்கங்களை மட்டும் படியுங்கள். ஆண்டுகள் கழிந்த பிறகும் கெட்ட கனவு விடாத காட்னிஸ், தாங்க முடியாத நாட்களில் தான் பார்த்த நல்ல செயல்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் பட்டியல் போடுகிறாள். அதை ஒரு விளையாட்டு மாதிரி செய்கிறாள். அந்தப் பக்கத்தை யாரும் ஜெராக்ஸ் எடுக்கவில்லை.

ஆகவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் பாகத்தைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வையுங்கள். வயதுக் குறிப்பு ஒட்ட வேண்டும் என்றால் ஒட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. பெற்றோர் விசாரித்தால் நானே உட்கார்ந்து பேசத் தயார். ஒருவேளை அடுத்த கூட்டம் வரை முடிவை மாற்ற முடியாது என்றால், குறைந்தபட்சம் அந்தப் படிவத்தில் ‘பாதுகாவலர்’ என்று மூன்றாவதாக ஒரு கோடு போடுங்கள். அச்சடிக்கக்கூட வேண்டாம், பேனாவால் போட்டால் போதும்.

வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கு வாசக வட்டம். அவள் இரண்டரைக்கே வந்துவிடுவாள்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வாசக வட்டத்தை நடத்துபவள்

பி.கு.: விமர்சனத் தாளைக் கழற்றியவர் அதோடு நான்கு குத்தூசிகளையும் எடுத்துப் போயிருக்கிறார். தாள் போகட்டும், என்னிடம் நகல் இருக்கிறது. குத்தூசிகள் வாசக வட்டத்துப் பிள்ளைகள் காசு போட்டு வாங்கியவை. அவற்றைக் கவுன்டரில் கொடுத்துவைத்தால் வாங்கிக்கொள்கிறேன்.