ஒரே தோட்டத்தில் பியானோவும் ரோஜர்ஸும்

அன்புள்ள கண்ணம்மா,

கல்லூரி நாளில் நீ வாய் ஓயாமல் சொன்ன கட்டடக் கலைஞர்கள், சிற்பிகள் பெயர்கள் பாதிக்கு மேல் ஒரே திராட்சைத் தோட்டத்தில் இருக்கின்றன. தென் பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகருக்கு வடக்கே உள்ள ஷத்தோ லா கோஸ்ட் என்ற அந்தத் தோட்டத்துக்கு அம்மாவும் நானும் போய்வந்தோம். அயர்லாந்துக்காரர் பேடி மெக்கிலன் 2002-இல் வாங்கிய இடம். 2011 முதல் யாரும் போய்ப் பார்க்கலாம்.

நுழைந்ததும் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டடாவோ ஆண்டோவின் கான்கிரீட் கட்டடம். முன்னால் ஆழமில்லாத நீர்ப்பரப்பு, அதில் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் பெரிய சிலந்திச் சிற்பம். அம்மா தள்ளி நின்றே பார்த்தாள். ஒயின் ஆலை பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் நுவெல் கட்டியது: அலுமினியத்தில் அரை உருளைகள் இரண்டு. பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான். பம்பு போட்டு இறைக்காமல், சாறு தன் எடையிலேயே கீழ்த்தளத்துக்கு இறங்குகிறது. யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. பாரிஸில் பாம்பிடு கலை மையத்தை ஒன்றாகச் சேர்ந்து கட்டிய கட்டடக் கலைஞர்கள் ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் இங்கே தனித்தனியாக ஆளுக்கொன்று கட்டியிருக்கிறார்கள். பியானோ 2017-இல் மண்ணைச் சுமார் ஆறு மீட்டர் வெட்டி, தன் கண்காட்சிக் கூடத்தைத் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே இறக்கிவிட்டார். கிட்டே போகிறவரை கண்ணில் படாது. ரோஜர்ஸ் 2021-இல் நேர் எதிராகச் செய்தார். ஆரஞ்சு நிற இரும்புச் சட்டத்துக்குள் அவருடைய கூடம் பெட்டி மாதிரி குன்றிலிருந்து 27 மீட்டர் அந்தரத்தில் நீள்கிறது, கீழே ஒரு தூண் கிடையாது! கடைசியில் நின்றால் கால் கூசுகிறது. என்னைக் கேட்டால் பியானோதான். ரோஜர்ஸ் நம்மைப் பார்க்க வைக்கிறார். பியானோ கொடியையும் வெயிலையும் பார்க்க விடுகிறார்.

சீனக் கலைஞர் ஆய் வெய்வெய் போட்ட பாதையிலும் நடந்தோம். நம்ம மார்செய் துறைமுகத்திலிருந்து பெயர்த்த பழைய கற்களாம், அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று.

சாப்பாடு? அர்ஜென்டினாவின் சமையல் கலைஞர் பிரான்சிஸ் மால்மன் பெயரில் ஓர் உணவகம் உண்டு, எல்லாம் விறகு நெருப்பில் வாட்டியது. அம்மாவுக்கு அந்த இறைச்சி வாசனை ஆகாது. அப்புறம் ஆண்டோ கட்டடத்து உணவகத்திலேயே உட்கார்ந்தோம். தோட்டத்து ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்) ஒரு கிளாஸ் குடித்தேன், அம்மா அனுமதியோடுதான்.

செப்டம்பரில் லீவு போட்டுக்கொண்டு வா, அறுவடை நேரம். எல்லாம் சுற்ற இரண்டு மணி நேரமாவது ஆகும், மேடும் பள்ளமுமான காட்டுப்பாதை, நல்ல ஷூ வேண்டும். நீ ரோஜர்ஸ் கட்சி என்று தெரியும். அந்த ஆரஞ்சுப் பெட்டியின் நுனியில் நின்றே சண்டை போடலாம்.

அன்புடன்,
அப்பா