எண்ணிக்கை கூடினால் போதுமா?

ஆசிரியருக்கு,

மலை உச்சிகளில் தாவர இனங்கள் பெருகி வருவதை நற்செய்தியாகக் குறிப்பிட்ட தங்கள் தலையங்கம் படித்தேன். பெருக்கம் உண்மைதான். ஐரோப்பாவின் 302 சிகரங்களின் பழைய, புதிய பட்டியல்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வும் அதையே காட்டியது. வெப்பம் உயர உயர அந்தப் பெருக்கம் வேகம் எடுக்கிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. இது கவலைப்பட வேண்டிய பெருக்கம். நூறு மீட்டர் ஏறினால் சராசரியாக 0.6 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. சரிவில் வளரும் செடிகளுக்கு மேலே நகர இடமுண்டு. உச்சியில் இருப்பவை எங்கே போகும்? கீழிருந்து புதியவை வந்து சேர, பழையவை உடனே மடியாமல் தாக்குப்பிடிக்கும் இடைக்காலத்தில் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும்.

உயரமான முகடு ஒன்றில், பாறை இடுக்கில் உள்ளங்கை அளவே படர்ந்திருந்த ஒரு செடியைக் குனிந்து பார்த்தேன். பஞ்சுத் திண்டு போல இலைகள் நெருங்கிய அதன் நடுவைத் துளைத்துக்கொண்டு புல் வளர்ந்திருந்தது. நிழல் விழுந்த பாதி பழுப்பாகிவிட்டது. கணக்கெடுப்பில் அந்த இடம் இரண்டு இனம் என்றே பதிவாகும்.

2001 முதல் இயங்கும் ‘குளோரியா’ திட்டம், சிகரங்களில் ஒரு மீட்டர் சதுரங்களைக் குறித்துவைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றையே மீண்டும் ஆராய்கிறது. இம்முறையை எல்லா மலைத்தொடர்களுக்கும் விரிவாக்கி, மொத்த எண்ணிக்கையோடு வந்தவை எவை, சுருங்கியவை எவை என்பதையும் அரசுகள் தனித்தனியே வெளியிட வேண்டும்.