பார்ட் டைம் வேலையை நம்பிக் கடன் வாங்காதீர்கள் மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

தம்பியை வெளிநாட்டில் படிக்க வைக்க நீங்கள் போட்டு அனுப்பிய செலவுக் கணக்கைப் பார்த்தேன். கட்டணம், வாடகை, விமான டிக்கெட் எல்லாம் சரிதான், ஆனால் கடைசியில் ‘மீதியைத் தம்பி பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வான்’ என்று போட்டிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

மாணவர் விசாவில் போகிறவனை இஷ்டத்துக்கு வேலை பார்க்க விடமாட்டார்கள். பிரிட்டனில் டிகிரி படிக்கிறவர்களுக்குப் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48, கனடாவில் 2024 நவம்பரிலிருந்து கேம்பஸுக்கு வெளியே வாரம் 24. அமெரிக்கா இன்னும் கறார்: கேம்பஸுக்குள் 20 மணி நேரம், வெளியே என்றால் சிபிடி, ஓபிடி மாதிரி, படிக்கிற துறையிலேயே பயிற்சி வேலை பார்ப்பதற்கான தனி அனுமதி வேண்டும், சும்மா ஒரு கடையில் போய்க் கல்லாவில் நிற்க முடியாது.

இதில் நுணுக்கங்கள் வேறு. பிரிட்டனில் வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் 15, அடுத்த வாரம் 25 என்று சராசரி பார்க்க முடியாது, இரண்டு இடத்தில் வேலை பார்த்தாலும் மொத்தமாகத்தான் கூட்டுவார்கள். முதுகலை படிக்கிறவன் கோடையில் ஆய்வேடு எழுதுகிற மாதங்களை லீவு என்று நினைத்து முழுநேரம் வேலைக்குப் போய்விடுகிறான், அதுவும் படிப்புக் காலம்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உணவு டெலிவரி சுயதொழில் கணக்கில் வருவதால் அங்கே மாணவர் விசாவில் கூடாது. அதனால் வேறு யாருடைய டெலிவரி ஆப் அக்கவுண்டையோ வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். சம்பளம் அந்த ஆளுடைய கணக்கில்தான் விழும், அவன் கொடுத்தால் உண்டு.

அப்புறம் ‘ரெக்கார்டில் 20, மீதிக்குக் கையில் கேஷ்’ என்று சொல்கிற முதலாளிகள். கடன் தவணை கழுத்தை நெரிக்கிற பையன்தான் இதற்குத் தலையாட்டுவான். குறைந்தபட்சக் கூலியைவிடக் கம்மியாகக் கொடுத்தாலும், இரண்டு மாதம் இழுத்தடித்தாலும், விசா போய்விடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்கமாட்டான். முதலாளிக்கு அது நன்றாகவே தெரியும்.

வங்கியில் காட்டவேண்டிய பணத்தைக் கைமாற்று வாங்கிக் காட்டிவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று உங்கள் நண்பர் சொன்னாராமே, தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். அங்கே போய்ச் சம்பாதித்துக் கட்டிக்கொள்வான் என்பதை நம்பி விசா கொடுப்பதில்லை என்பதால்தானே முன்கூட்டியே பணத்தைக் காட்டச் சொல்கிறார்கள்?

தம்பி வேலைக்கே போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போகட்டும், நாலு மனிதரோடு பழக அதைவிட நல்ல வழியில்லை. பல்கலைக்கழக நூலகத்திலேயே கிடைத்தால் இன்னும் நல்லது, பரீட்சை நேரம் அவர்களுக்கும் தெரியும். ஆனால் போன உடனே வேலை கிடைத்துவிடாது, கிடைத்தாலும் எல்லா வாரமும் முழு மணி நேரமும் தரமாட்டார்கள். அதனால் அவன் சம்பளத்தைப் பூஜ்யம் என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். துண்டு விழுந்தால் ஜெர்மனியைப் பார்க்கலாம், அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்னாலேயே காட்டியாகவேண்டும். அதுவும் சரிப்படாவிட்டால் ஒரு வருடம் தள்ளிப்போடலாம். அத்தை சம்மதிக்கமாட்டார் என்றால் போனை அவரிடம் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.