ஜெபமும் வேணும், மாத்திரையும் வேணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

எச்ஐவி உள்ள பொம்பளைங்களுக்கு கோயில், சர்ச்னு மதத்த சேந்தவங்க செய்யற உதவி பத்தி போன இதழ்ல நீங்க போட்ட கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், படிச்சுட்டு சும்மா இருக்க முடியல, அதான் எழுதறேன். அதுல உதவி குடுத்தவங்க பேசினது நெறைய இருந்துச்சு, வாங்கினவங்க பேசினது ரொம்ப கம்மி. நான் வாங்கினவ. இருவது வருஷத்துக்கு மேல பாசிட்டிவா இருக்கேன், மூணு மெஷின் வச்சு நைட்டி, இன்ஸ்கர்ட் தைக்கிறேன், பொண்ணு டிகிரி முடிச்சு வேலைக்குப் போறா.

எங்கூட்டுக்காரர் லாரி டிரைவர். நாமக்கல் பக்கம் லாரிய நம்பாத குடும்பம் எத்தன இருக்கும் சொல்லுங்க. 2004 தை மாசம் அவரு போய்ட்டாரு, என்ன காய்ச்சல்னே கடைசி வரைக்கும் எங்கிட்ட யாரும் சொல்லல, காரியம் முடிஞ்சு ஒரு மாசத்துல எனக்கு டெஸ்ட் எடுத்தாங்க, எனக்கும் இருந்துச்சு, பொண்ணுக்கு இல்ல. அந்த ஒரு வார்த்தைல நான் பொழச்சேன்னு வைங்க. அப்புறம் எனக்குன்னு தனித் தட்டு, தனி டம்ளர், படுக்க மாடு கட்டற கட்டுத்தரை ஓரம். மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு நான் கொண்டு போன அரிசிய வாங்க மாட்டேன்னாங்க. என் மாமியார் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு, "எவங்கிட்ட வாங்கிட்டு வந்து எம்பையனுக்குக் குடுத்த?" அப்ப எனக்கு வயசு 24, எங்கூட்டுக்காரரத் தவிர வேற ஆம்பளைய ஏறெடுத்துப் பாத்தது கிடையாதுங்க.

இந்த நோய் பொம்பளைகிட்டேருந்துதான் வரும்னு நம்மாளுங்க மனசுல எப்ப பதிஞ்சுதோ தெரியல. 1986ல டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் சென்னைல எடுத்த ரத்தத்துலதான் நாட்டுலயே முதல் தடவையா இது தெரிஞ்சுது, அந்த ரத்தம் பாலியல் தொழில் செஞ்ச பொண்ணுங்களோடது. அவங்களுக்குக் குடுத்தது யாருன்னு அன்னைக்கு எத்தன பேரு கேட்டாங்க? அந்த ரத்தத்த டெஸ்ட் பண்ணது மிஷனரி அம்மா ஐடா ஸ்கடர் ஆரம்பிச்ச வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிலதான், அதனால மதத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு நேத்து வந்தது இல்ல, முதல் நாள்லேருந்தே இருக்கு.

நான் பொண்ணத் தூக்கிட்டு வீட்ட விட்டு வந்து, ஜிஎச்ல ஒரு நர்ஸ் அக்கா சொல்லி, கன்னியாஸ்திரி மடம் ஒண்ணுக்குப் போனேன். அங்க ஒரு வயசான சிஸ்டர் இருந்தாங்க. என் நோயப் பத்தி அவங்க கேக்கவே இல்ல, "சாப்டியா"ன்னு கேட்டாங்க, சோறு போட்டாங்க, எம்பொண்ணு வச்ச மிச்சத்த அதே தட்டுலேருந்து அவங்க எடுத்து சாப்பிட்டாங்க. அதப் பாத்துட்டு நான் அழுத அழுக கொஞ்ச நஞ்சம் இல்லீங்க. உள்ள தாப்பா போட்டுக்கற மாதிரி ஒரு ரூம் குடுத்தாங்க. வீட்ட விட்டு தொரத்தின பொம்பளைக்கு தாப்பா எவ்ளோ பெரிய விஷயம்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

அந்த 2004 ஏப்ரல்லதான் அரசாங்கம் எச்ஐவிக்கான கூட்டு மருந்த இலவசமா குடுக்க ஆரம்பிச்சாங்க, நம்ம தமிழ்நாட்டுல அப்போ சென்னை பக்கம் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். நோய எதுக்கற ரத்த அணுவோட கணக்கு, சிடி4ம்பாங்க, எனக்கு வெறும் 86தான் இருந்துச்சு. சேலம் போயி அங்கேருந்து ராத்திரி பஸ்ஸு, சிஸ்டரே கூட வருவாங்க, டிக்கெட்டும் அவங்கதான் எடுப்பாங்க, லைன்ல நான் நிக்க முடியாம உக்காந்துட்டா எனக்கு பதிலா அவங்க நிப்பாங்க. அந்த காலத்து மாத்திரை லேசுப்பட்டது இல்ல, உள்ளங்கால் எரியும், கன்னம் ஒட்டிப் போகும், நெறைய பேரு பயந்தே விட்டுட்டாங்க. சிஸ்டர் தினமும் ராத்திரி ஜெபம் முடிச்சதும் என் ரூமுக்கு வந்து தண்ணி டம்ளரோட நிப்பாங்க, நான் முழுங்கற வரைக்கும் போக மாட்டாங்க. இப்ப டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூணும் சேந்து ஒரே மாத்திரையா தர்றாங்க, ராத்திரி ஒண்ணு போட்டா முடிஞ்சுது. ரத்தத்துல வைரஸ் கண்டுபுடிக்க முடியாத அளவுக்குக் கொறஞ்சு அப்படியே இருந்துச்சுன்னா உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாது, இது டாக்டருங்க உறுதியா சொல்றது, இத எத்தன ஊர்ல மைக் வச்சு சொல்லிருக்காங்க?

தையல் மெஷின சிஸ்டர் எனக்கு இனாமா குடுக்கல. மாசம் 100 ரூபா கட்டுன்னாங்க. ஒரு மாசம் 60 ரூபாதான் இருந்துச்சு, அதையும் வாங்கி நோட்டுல வரவு வச்சாங்க. அப்ப கொஞ்சம் கோவம் வந்துச்சு, ஆனா கடைசி தவணை கட்டின அன்னைக்கு அந்த மெஷின் என்னுதுன்னு தோணுச்சு பாருங்க, அது தானமா வந்திருந்தா தோணிருக்காது.

மதம் மாறச் சொன்னாங்களான்னு எல்லாரும் கேப்பாங்க. இந்த மடத்துல கேக்கலீங்க. "உன் ஆத்தாகிட்ட நீ பேசு, நான் எங்க சாமிகிட்ட பேசறேன், யாரு காதுல விழுந்தாலும் சரி"ம்பாங்க. நான் இன்னைக்கும் ஆடிக்கு மாவிளக்கு எடுக்கறவதான். ஆனா வேற ஒரு எடத்துல, பேரு வேண்டாம், எங்க கூட்டத்துக்கு வந்தாத்தான் அரிசின்னு சொல்லி திருப்பி அனுப்பின பொண்ணையும் எனக்குத் தெரியும். அதுக்குப் பேரு உதவியா?

அதவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, இதுக்குத்தான் முக்கியமா இந்த லெட்டர். எங்கூட மடத்துல இருந்த ஒருத்தி, என்னவிட நாலு வயசு சின்னவ, நல்லா தேறி வந்தா. ஒரு சுகமளிக்கற கூட்டத்துக்குப் போனா, அங்க மேடைல கைய வச்சு ஜெபிச்சு நீ குணமாயிட்ட, விசுவாசம் இருந்தா இனி மாத்திரை எதுக்குன்னுட்டாங்க. நிறுத்திட்டா. முதல்ல ஒண்ணும் தெரியல, நல்லாத்தான் இருந்தா, அதனால நம்பிக்கை இன்னும் ஜாஸ்தியாச்சு, ஏழெட்டு மாசத்துல டிபி வந்து 38 கிலோவுக்கு எறங்கி எங்க கண்ணு முன்னாடியே போய்ட்டா. கடைசி வரைக்கும் அவ சாமிய கொற சொல்லல, என் விசுவாசம்தான் பத்தலன்னு சொல்லிட்டு செத்தா. இத என்னால மன்னிக்க முடியலீங்க. மாத்திரைக்கு பதிலா விபூதியும் மந்திரிச்ச தண்ணியும் குடுத்த ஆளுங்களும் இருக்காங்க, ஒரு மதத்த மட்டும் சொல்லல.

உகாண்டால கிடியோன் பியாமுகிஷான்னு ஒரு ஆங்கிலிக்கன் பாதிரியார், 1992ல எனக்கு எச்ஐவி இருக்குன்னு வெளிப்படையா சொன்னவரு, ஆப்பிரிக்காவுல அப்படி சொன்ன முதல் மதத் தலைவர் அவருதான்னு சிஸ்டர் சொல்லுவாங்க. எங்க நாமக்கல் கௌசல்யா அக்கா அதே மாதிரி வெளிய வந்து பேசி, 1998லயே பாசிட்டிவ் பொம்பளைங்களுக்குன்னு சங்கம் ஆரம்பிச்சாங்க. அவங்கள மாதிரி எல்லாராலயும் முடியாது. ஆனா பிரசங்கம் பண்றவங்களுக்கும், வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல பேசறவங்களுக்கும், கோயில் திருவிழால மைக் புடிக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்ல முடியும், சாமிய கும்புடு, மாத்திரைய விடாதேன்னு. டாக்டர் சொன்னா பாதி பேரு கேக்கறாங்க, சாமி பேரச் சொல்லி சொன்னா மீதி பேரும் கேப்பாங்க, எங்க சனம் அப்படித்தான்.

இன்னொன்னும் போடுங்க. 2017ல எச்ஐவி சட்டம் வந்துச்சு, 2018 செப்டம்பர் 10லேருந்து நடைமுறைல இருக்கு. எங்கள மாதிரி பொம்பளைங்கள குடியிருக்கற வீட்ட விட்டு தொரத்தக் கூடாது, சம்மதம் இல்லாம நோய வெளிய சொல்லக் கூடாதுன்னு அதுல இருக்கு. எனக்கு அது 14 வருஷம் லேட். இப்ப கட்டுத்தரைல படுத்திருக்கற பொண்ணு ஒருத்தி இத படிச்சா எச்ஐவி உதவி நம்பர் 1097க்கு போன் பண்ணட்டும், காசு கிடையாது.

லெட்டர போட்டீங்கன்னா என் பேரும் ஊரும் வேண்டாமுங்க, மாவட்டம் மட்டும் போதும். எனக்கு ஒண்ணும் இல்ல, பொண்ணுக்கு மாப்ள பாத்துட்டு இருக்கோம், தை மாசம் ஒரு எடத்துலேருந்து பாக்க வர்றாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாமக்கல் மாவட்டம்