சொடக்குச் சத்தமும் நடவுக்காரர் இடுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதுகெலும்பில் சொடக்கெடுத்து வலி தீர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலகிய எலும்பு ஒரே அழுத்தில் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும் என்று எழுதியிருந்தது. அது சரியில்லை. இதே பேச்சை நம்பி என் அம்மா பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

சொடக்கெடுக்கும்போது கேட்பது எலும்பு நகரும் சத்தமில்லை. விரலில் சொடக்கெடுத்தால் வருகிற அதே சத்தம்தான். மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது உள்ளிருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக்குமிழ் உண்டாகிறது. 2015இல் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.யில் வைத்து இதைப் படமே பிடித்துவிட்டார்கள். ஆனால் வலி குறைவது பொய்யில்லை. இறுகிய தசை கொஞ்சம் இளகுகிறது, வலி உணர்வும் சில நாள் மட்டுப்படுகிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல், புதிதாக வந்த இடுப்புவலிக்கு ஒத்தடம், மசாஜ் வரிசையில் இதையும் சேர்த்திருக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்போ உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே செய்யலாம் என்று 2016இல் சொல்லிவிட்டது. எங்கள் பக்கம் அந்த உடற்பயிற்சியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அம்மா இருபது வருஷத்துக்கு மேல் குறுவை, சம்பா, தாளடி என்று நடவுக்குப் போனவர். இடுப்பு பிடித்துக்கொண்டதும் பக்கத்து ஊரில் ஒருவரிடம் அழைத்துப் போனோம். ‘மளுக்’கென்று சத்தம் கேட்டது, அம்மா நிமிர்ந்து நடந்தார். நாலாம் நாள் மறுபடி வயல், மறுபடி வலி. இப்படியே நாலு தடவை. ஒருநாள் வரப்பில் செருப்பு கழன்று கிடக்க, அது தெரியாமலே பத்தடி நடந்து வந்துவிட்டார். பாதம் அவ்வளவு மரத்திருந்தது. அன்றும் அந்த ஆள் எதுவும் கேட்கவில்லை, குப்புறப் படுக்கச் சொல்லி முறுக்கினார். பிறகு பெரியாஸ்பத்திரியில்தான் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் காலையில் பாயிலேயே செய்கிறார். மெல்ல மெல்லத் தேறிவருகிறார்.

காலில் மரப்போ பலக்குறைவோ இருந்தாலும், சிறுநீர் மலம் அடங்காமல் போனாலும், தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலும் முதுகில் யாரையும் கைவைக்க விடக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான். வலியோடு காய்ச்சலும் உடல் இளைப்பும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். எலும்பு மெலிந்த வயதானவர்களுக்கு முறுக்கினால் முறிவே ஏற்படலாம். கழுத்தைத் திருகுவதில், அரிதாக என்றாலும், ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. நடவுக்குப் போகும் பெண்களில் பலருக்கு இது தெரியாது. சம்பா நடவு தொடங்குவதற்குள் இந்த அபாய அறிகுறிகளையும் நாலைந்து பயிற்சிகளையும் படத்தோடு ஒரு பக்கமாக வெளியிடுங்கள். எங்கள் தெரு டீக்கடைச் சுவரில் நானே ஒட்டிவைக்கிறேன்.

ஒரு வாசகி,
திருத்துறைப்பூண்டி வட்டம்